முதல் நாளே சனிக்கிழமை: நேபாளத் தன்னார்வப் பயணத்துக்கு ஐந்துக்கு இரண்டு

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்றுகூடப் பயணத்தை எங்களுக்கு விற்ற நிறுவனத்துக்கு இல்லை. ஒன்று எங்களுக்குச் சோறு போட்ட ஆமாவுக்கு, இன்னொன்று எங்களை ஏற்றி இறக்கிய தாய்க்கு. குழம்ப வேண்டாம், நேபாளியில் அம்மாவை ஆமா என்பார்கள், அண்ணனைத் தாய் என்பார்கள். ஒரு மீசைக்காரரைப் பார்த்துத் ‘தாய்’ என்று கூப்பிட எங்களில் பாதிப் பேருக்கு வாய் வரவில்லை, கடைசிவரை ‘அண்ணா’தான், அவரும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

போனது 2023 டிசம்பரில். இத்தனை நாள் கழித்து எழுதக் காரணம், ஜூனியர்கள் மூன்று பேர் ஒரே வாரத்தில் அதே நிறுவனத்தின் போஸ்டரை வாட்ஸப்பில் அனுப்பி “அக்கா, நம்பிப் போகலாமா?” என்று கேட்டதுதான். நிறுவனத்தின் பெயரைப் போடப்போவதில்லை. இதே மாதிரி பல நிறுவனங்கள் இருக்கின்றன, போஸ்டர்கூட எல்லாருக்கும் ஒன்றுதான்: பின்னால் பனிமலை, முன்னால் சிரிக்கும் குழந்தைகள், நடுவில் ஒரே நிறச் சட்டை போட்ட மாணவர்கள். பன்னிரண்டு நாள் பயணத்தில் முதல் நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மிச்ச நாள்களில் என்னென்ன கோளாறு வந்ததோ அத்தனைக்கும் விதை முதல் நாளிலேயே கிடந்தது, நாங்கள்தான் மலையைப் பார்த்த மயக்கத்தில் கவனிக்கவில்லை. முதல் நாள் என்று நான் சொல்வது, வெள்ளிக்கிழமை காலை தில்லி விமான நிலையத்தில் ஆரம்பித்து சனிக்கிழமை ராத்திரி காத்மாண்டுவுக்குத் தென்கிழக்கே பனௌட்டி என்ற ஊருக்கு மேலே ஒரு கிராமத்தில் முடிந்த ஒன்றரை நாளை.

மொத்தம் எட்டுப் பேர். செக்-இன் கவுண்டரிலேயே ஏழு பேர் ஆகிவிட்டோம்.

நிறுவனம் அனுப்பிய பட்டியலில் ‘அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டை’ என்று மட்டும் இருந்தது. நேபாளத்துக்கு விசா வேண்டாம், 1950 ஒப்பந்தக் காலத்திலிருந்து இந்தியர்கள் சும்மா போய் வரலாம், இது எல்லாருக்கும் தெரியும். விமானத்தில் போவதற்கு மட்டும் ஒரு விதி உண்டு, அது எல்லாருக்கும் தெரியாது: வயது வந்த இந்தியர்கள் பாஸ்போர்ட் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அட்டை காட்ட வேண்டும். ஆதார் செல்லாது. பதினைந்து வயதுக்குக் கீழும் அறுபத்தைந்துக்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. எங்களில் ஒருவன் ஆதாரை லேமினேஷன் போட்டுப் பளபளவென்று கொண்டுவந்திருந்தான். கவுண்டரில் இருந்த பெண் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு கெஞ்சல், நிறுவனத்துக்கு போன், நிறுவனம் போனை எடுக்காமை, மறுபடி கெஞ்சல், வரிசையில் பின்னால் நின்றவர்களின் முறைப்பு. வீட்டிலிருந்து வாக்காளர் அட்டை வந்து சேர்ந்து, புதிதாக டிக்கெட் எடுத்து, அவன் மூன்றாம் நாள்தான் வந்தான். டிக்கெட் காசு முழுக்க அவன் தலையில். ‘ஆவணங்களுக்குப் பயணியே பொறுப்பு’ என்று விதிமுறைகளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதாம். சரி, பயணியே பொறுப்பு என்றால் பட்டியல் எதற்கு? அவனுக்கு இன்றுவரை பெயர் ஆதார்தான், சொந்தப் பெயரில் கூப்பிட்டால் அவனே திரும்புவதில்லை.

விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தில்லியிலிருந்து போகும்போது இடது பக்க ஜன்னல் கேளுங்கள், அவ்வளவுதான். மேகத்துக்கு மேலே இன்னொரு மேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தது மலை என்று தெரிந்த நிமிடத்தில் விமானத்தின் வலது பக்கம் காலியாகிவிட்டது. காத்மாண்டு திரிபுவன் விமான நிலையத்துக்கு ஓடுபாதை ஒன்றே ஒன்று, அதனால் இறங்க வரிசை, வானத்திலேயே வட்டம் அடிக்க வைத்தார்கள். அந்த வட்டத்தைக் குறை சொல்லமாட்டேன், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை இமயமலை வந்து போனது.

இறங்கியதும் இரண்டாவது கோளாறு. எங்களோடு படிக்கும் மலேசியத் தோழி ஒருத்தி வந்திருந்தாள். அவளுக்கு விசா வேண்டும், இறங்கிய இடத்திலேயே கிடைக்கும், பதினைந்து நாளுக்கு 30 டாலர். அதுவரை சிக்கல் இல்லை. படிவத்தில் ‘வருகையின் நோக்கம்’ என்று ஒரு கட்டம் வருகிறது. நிறுவனம் அவளுக்கு முன்கூட்டியே அனுப்பிய குறிப்பு: “சுற்றுலா என்று மட்டும் எழுதவும், தன்னார்வப் பணி என்று எங்கும் சொல்ல வேண்டாம்.” நேபாளத்தில் சுற்றுலா விசாவில் வந்தவர்கள் எந்த வேலையும் செய்யக் கூடாது, சம்பளம் இல்லாத வேலையும் அதில் சேர்த்தி, பிடிபட்டால் அபராதம். அதாவது, ஊருக்கு நல்லது செய்யக் கிளம்பியவளை முதல் காரியமாக அந்த ஊர் அதிகாரியிடம் பொய் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எழுதினாள், கை நடுங்க எழுதினாள், அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். பன்னிரண்டு நாளும் வழியில் போலீஸ்காரரைப் பார்த்தாலே அவள் எங்கள் பின்னால் ஒதுங்கிக்கொள்வாள். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம், இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்தால் தாய் நிற்கிறார். கையில் அட்டை, அட்டையில் எங்கள் கல்லூரிப் பெயர் இரண்டு எழுத்துப் பிழையோடு. இந்திய நேரத்துக்கு நேபாளம் பதினைந்து நிமிடம் முன்னால் ஓடுகிறது, மேலே தனியாக ஒரு கால் மணி நேரம் வைத்துக்கொண்டிருக்கும் நாடு. “நாங்கள் தாமதமா?” என்று கேட்டதற்கு “உங்கள் கடிகாரத்துக்கு இல்லை, என் கடிகாரத்துக்கு ஒன்றரை மணி நேரம்” என்றார் இந்தியில். நிறுவனத்தின் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர், ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர், சிம் கார்டு வாங்கித் தருபவர் எல்லாமே இந்த ஒருவர்தான் என்று அப்போது தெரியாது.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இதிலும் பட்டியல் காலை வாரியது. ‘செலவுக்கு ரூபாய் நோட்டுகள் கொண்டுவரவும்’ என்று எழுதியிருந்ததால் எல்லாரும் ஐந்நூறு ரூபாய்த் தாள்களாகக் கொண்டுபோனோம். 2018 டிசம்பரில் நேபாள அரசு நூறுக்கு மேற்பட்ட இந்திய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து, நாங்கள் போனபோதும் அதுதான் நடைமுறை. அப்போது நூறு ரூபாய்த் தாள் எங்கும் ஓடியது, ஐந்நூறை நீட்டினால் கடைக்காரர் பாம்பைப் பார்த்த மாதிரி பார்த்தார். தவிர, எங்கே போய் விலை கேட்டாலும் பதிலுக்கு முன் ஒரு கேள்வி வரும்: “ஐசியா, என்சியா?” இந்தியக் காசா, நேபாளக் காசா என்று அர்த்தம். நூறு ஐசிக்கு நூற்று அறுபது என்சி, 1993 முதல் இதே கணக்குதான், மாறவே இல்லை. வழியில் பனேபா என்ற ஊரில் டீ குடிக்க நிறுத்தியபோது எங்கள் ஆள் ஒருவன் இருபத்தைந்து என்று கேட்டதும் இருபத்தைந்து ஐசியை எண்ணிக் கொடுத்துவிட்டு நடந்தான். கடைக்கார அக்கா, அங்கே திதி என்பார்கள், பின்னாலேயே ஓடி வந்து மிச்சத்தைக் கொடுத்தார். பயணம் முழுக்க எங்களிடம் காசு திருப்பிக் கொடுக்க ஓடி வந்த ஒரே ஆள் அவர்தான் என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

பட்டியலைத் திட்டி முடித்துவிடுகிறேன், இன்னும் இரண்டு இருக்கிறது. ஒன்று, ‘தினமும் நீண்ட மின்வெட்டு இருக்கும், ஆளுக்கு இரண்டு டார்ச்’. காத்மாண்டுவில் ஒரு காலத்தில் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது உண்மை. 2016ல் குல்மான் கீசிங் மின்சார ஆணையத்துக்குத் தலைமை ஏற்ற சில மாதங்களில் தலைநகரில் அது முடிந்துபோன கதை. தாயிடம் டார்ச்சைக் காட்டியபோது “நீங்கள் குகைக்குப் போகிறீர்களா?” என்றார். இரண்டு, மலை நோய்க்கு மாத்திரை. பனௌட்டிப் பக்கம் உயரம் சுமார் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்தான், மலை நோய் பொதுவாக இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டினால் யோசிக்க வேண்டிய விஷயம். ஒருத்தி வைத்தியரிடம் சீட்டு வாங்கி, வீட்டில் எல்லாரும் பயந்து, முதல் மாத்திரையைப் போட்டும் விட்டாள், விரல் நுனியெல்லாம் மரமரவென்று இருக்கிறது என்று வழியெல்லாம் கையை உதறிக்கொண்டு வந்தாள். ஏதோ மலையேற்ற நிறுவனத்தின் பழைய பட்டியலை அப்படியே எடுத்து மேலே தங்கள் முத்திரையைப் போட்டிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். ஆனால் டிசம்பர் ராத்திரிக் குளிருக்கு என்ன வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. அந்தப் பக்கத்துக் கிராம வீடுகளில் அறையைச் சூடாக்கும் வழக்கம் கிடையாது, வெளியே என்ன குளிரோ உள்ளேயும் அதே குளிர்தான்.

பனேபாவரை அரனிகோ நெடுஞ்சாலை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கிருந்து சீனாவுக்குப் போய்ப் புகழ்பெற்ற கலைஞரின் பெயரை வைத்திருக்கிறார்கள், ஒரு சிற்பிக்குச் சாலை என்பதே எனக்குப் பிடித்திருந்தது. பக்தபூரைத் தாண்டும்போது செங்கல் சூளைப் புகையும் தூசியும் சேர்ந்து மலையை மறைத்துவிட்டன, போஸ்டரில் பின்னால் இருந்த பனிமலையைத் தேடிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம்.

இனி ஆமா. கடைசித் திருப்பத்தில் வண்டி நின்றபோது இருட்டிவிட்டது. வாசலில் நின்ற அம்மாவுக்கு அறுபது வயது இருக்கலாம், ஏழு பேரையும் எண்ணினார், எட்டுத் தட்டு வைத்திருப்பதாகத் தாயிடம் சொன்னார், ஒன்று ஏன் குறைகிறது என்று கேட்டார். ஆதார் கதையைத் தாய் சொல்ல, ஆமா கேட்ட அடுத்த கேள்வி, “அந்தப் பையன் தில்லியில் சாப்பிட்டானா?” நிறுவனத்தில் இருந்து அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, முள்ளங்கி ஊறுகாய். அங்கே இதற்கு தால் பாத் என்று பெயர், காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, நடுவில் அவலோ எதுவோ கொறிப்பு. தட்டு காலியாவதைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது. ‘போதும்’ என்பதற்குப் ‘புக்யோ’ என்று சொல்ல வேண்டும் என்று தாய் சொல்லிக் கொடுத்திருந்தார், சொன்னோம், சொன்ன பிறகும் ஒரு கரண்டி விழுந்தது, அது எல்லா ஊர் அம்மாக்களுக்கும் உள்ள வியாதி. எச்சில் கையால் பொதுப் பாத்திரத்தைத் தொடக் கூடாது, வாய் வைத்த டம்ளரை நீட்டக் கூடாது என்று நிறுவனத்தின் ‘கலாசார வழிகாட்டி’ அரைப் பக்கம் எழுதியிருந்தது. நமக்கு ‘எச்சில்’ என்ற ஒரு சொல் போதும், அவர்களுக்கு ‘ஜூட்டோ’, அரைப் பக்கம் யாருக்காக எழுதினார்கள் என்று தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்து வீட்டுக்கு போன் போட்டேன். அம்மா வழக்கம்போல “சாப்பிட்டியா?” என்றார், “ஆமா” என்றேன். அடுப்படியில் இருந்து ஆமா எட்டிப் பார்த்தார். “குளிருதா?” “ஆமா.” ஆமா எழுந்து வந்துவிட்டார். “அங்க எல்லாரும் நல்லவங்களா?” “ஆமாம்மா ஆமா.” மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறேன், என்ன வேண்டும் என்று சொல்லாமல் போனில் பேசிக்கொண்டே நிற்கிறேன், அவருக்கு என்ன தோன்றியதோ, உள்ளே போய் இன்னொரு சிரக்கைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேல் போட்டார். சிரக் என்பது அந்த ஊர்ப் பஞ்சு ரஜாய், கனத்தில் பாதி ஆள் இருக்கும். அதற்குள் போன பிறகுதான் பல் தந்தியடிப்பது நின்றது. பட்டியலில் இருந்திருக்க வேண்டியது அதுதான்.

சனிக்கிழமை. நிறுவனத்தின் அட்டவணைப்படி ‘நாள் 1: பள்ளியில் வரவேற்பு, வகுப்பறையில் முதல் பாடம், காலை 10 மணி’. எழுந்து வந்தால் ஆமா வீட்டுச் சுவரில் நாள்காட்டி, அதில் ஆண்டு 2080, மாதம் மங்சிர். அங்கே விக்ரம சம்வத் கணக்கு, நம்மைவிட ஐம்பத்தாறு வருஷம் சொச்சம் முன்னால் இருக்கிறார்கள். அதை வேடிக்கை பார்த்து போட்டோ எடுத்தோம், அந்த நாள்காட்டியில் சனிக்கிழமை வரிசை முழுக்கச் சிவப்பில் இருந்ததை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. நாங்கள் போன சமயத்தில் ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு, சனிக்கிழமை கிடையாது. அந்த நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பத்து விஷயங்களில் இது ஒன்று, அந்த நாட்டுக்கே பயணம் விற்கும் நிறுவனத்துக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை மெயில் போட்டேன் என்றார் தாய். பதில், “அட்டவணை அச்சாகிவிட்டது.”

அச்சானதற்கு மரியாதை செய்ய வேண்டும் என்று எங்களை அழைத்தும் போனார். ஒரே நிறச் சட்டையில் ஏழு பேர், நெஞ்சில் ‘மாற்றம் நம்மிடமிருந்து’, எதிரே பூட்டிய இரும்புக் கதவு. மைதானத்தில் பையன்கள் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் ஒரு நிமிடம் நின்றது, எங்களைப் பார்த்தார்கள், ஒருவன் ஏதோ சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள், ஆட்டம் தொடர்ந்தது. என்ன சொன்னான் என்று தாயிடம் கேட்டோம். “இந்த வருஷத்துச் சட்டை நீலமா என்கிறான்.”

கொஞ்ச நேரத்தில் தலைமை ஆசிரியர் வந்தார், அங்கே ஹெட்சார் என்பார்கள், முழங்கால்வரை சேறு, வயலில் இருந்து நேராக வந்திருக்கிறார். கோபம் இல்லை, அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. அலுவலகத்தைத் திறந்து டீ கொடுத்தார். பழைய கட்டடம் எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை, அவரே சொன்னார். 2015 ஏப்ரல் 25, பகல் 11.56, நிலநடுக்கம், ரிக்டர் அளவு என்று நாம் பழக்கத்தில் சொல்லும் கணக்கில் 7.8. நாடு முழுக்க ஒன்பதாயிரம் பேருக்குப் பக்கத்தில் இறந்தார்கள். பழைய கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது, உள்ளே ஒரு பிள்ளை இல்லை. அன்றைக்குச் சனிக்கிழமை. “சனிக்கிழமை பள்ளிக்கூடம் திறந்திருக்க வேண்டும் என்று இந்த ஊரில் யாரும் ஆசைப்பட மாட்டார்கள்” என்று சிரித்தார். யாருக்கும் டீ இறங்கவில்லை.

அப்புறம் அவர் கேட்டார், “உங்களுக்கு என்ன தெரியும்?” ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வந்திருக்கிறோம் என்றோம். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த வருஷத்தில் நாங்கள் மூன்றாவது குழு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ‘என் பெயர் இது, உன் பெயர் என்ன’ பாடத்தை மூன்று தடவை படித்துவிட்டார்கள், பாவம், வருகிறவர்கள் மனம் நோகக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கற்பது போலவே படிக்கிறார்கள். நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று மறுபடி கேட்டார். பொறியியல் என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு, அங்கே எஸ்இஇ என்பார்கள், அதற்குக் கணக்கில் தடுமாறுகிற பதினான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள், பள்ளிக்கு முன்னால் ஒரு மணி நேரம் வருவீர்களா? வருவோம் என்றோம். இரண்டு கம்ப்யூட்டர் ஓடவில்லை, பார்ப்பீர்களா? பார்க்கிறோம். பத்து நிமிடப் பேச்சு. நிறுவனம் எங்களிடம் ஆறு பக்கப் படிவம் வாங்கியிருந்தது, சட்டை அளவு உட்பட. என்ன படிக்கிறோம் என்ற தகவல் அதில் இருந்தது, ஹெட்சாருக்குப் போகவில்லை, அவருக்கு என்ன வேண்டும் என்பது எங்களுக்கு வரவில்லை. இடைத்தரகர் செய்ய வேண்டிய ஒரே வேலை அதுதானே?

மதியத்துக்கு அட்டவணையில் இன்னொன்று இருந்தது: ‘காத்மாண்டுவில் அநாதை இல்லக் குழந்தைகளுடன் அன்பான தருணங்கள், 2 மணி நேரம், சாக்லேட் கொண்டுவரவும்’. நாங்கள் சாக்லேட் கொண்டுபோயிருந்தோம், அதை மறைக்கவில்லை, ஐந்து கிலோ. வண்டியில் ஏறத் தயாராக நின்றபோது தாய் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். “அங்கே மட்டும் ஓட்டமாட்டேன்.” முதலில் எங்களுக்குப் புரியவில்லை, ஒருத்திக்குக் கோபம்கூட வந்தது, காசு கட்டியிருக்கிறோமே என்று.

அவர் சொன்னதையும் திரும்பி வந்து நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரில், ஹும்லா மாதிரித் தொலைதூர மாவட்டங்களில் பெற்றோர்கள் பிள்ளைகள் படிக்கட்டும், பிழைக்கட்டும் என்று ஆள் சேர்த்து அழைத்துப் போகிறவர்களிடம் காசு கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் அந்தப் பிள்ளைகளைக் காத்மாண்டுவில் ‘அநாதை’ ஆக்கினார்கள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள், இந்த இல்லங்களும் ஏழ்மையான மாவட்டங்களைவிட சுற்றுலாப் பயணிகள் வருகிற மாவட்டங்களில்தான் குவிந்திருக்கின்றன. வருகிறவர்கள் அதிகமானால் இல்லம் அதிகமாகும், இல்லம் அதிகமானால் பிள்ளைகள் தேவைப்படுவார்கள். ஆஸ்திரேலியா 2018ல் நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோது இந்த அநாதை இல்ல வியாபாரத்தையும் அந்தப் பேச்சுக்குள் கொண்டுவந்தது, 2019ல் ஐநா பொதுச்சபைத் தீர்மானத்திலும் இது வந்துவிட்டது. நாங்கள் போனது 2023ல். எல்லா இல்லமும் இப்படி என்று நான் சொல்லவில்லை, அட்டவணையில் இருந்த அந்த இல்லம் எப்படி என்றும் தெரியாது, போகவில்லையே. முன்பின் தெரியாத ஏழு பேர், எந்தச் சோதனையும் இல்லாமல், இரண்டு மணி நேரம் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போகலாம் என்று ஒரு இடம் அனுமதிக்கிறது என்றால், அந்த அனுமதியே போதாதா சந்தேகப்பட? நம் வீட்டுப் பிள்ளை படிக்கும் பள்ளிக்குள் இப்படி யாரையாவது விடுவோமா?

கோபப்பட்டவள்தான் கடைசியில் சாக்லேட்டை என்ன செய்வது என்று கேட்டாள். வாலிபால் பையன்களுக்குப் பாதி போயிற்று. மீதியைப் பயணம் முடியும்வரை நாங்களே தின்றோம்.

ஆக, மதியம் காலி. ஆமா உருளைக்கிழங்கு நடக் கிளம்பிக்கொண்டிருந்தார், காவ்ரே மாவட்டத்து உருளைக்கிழங்குக்கு அந்தப் பக்கம் நல்ல பெயர், நெல் அறுத்த வயலில் அடுத்து அதுதான். நாங்களும் வருகிறோம் என்றோம், வேண்டாம் என்று அவர் சொன்னதை நாங்கள் மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டோம். அங்கத்திய மண்வெட்டிக்குக் கோதாலி என்று பெயர், காம்பு குட்டை, குனிந்தே வெட்ட வேண்டும். பாத்தி பிடித்து, குழி எடுத்து, முளை மேலே பார்க்கக் கிழங்கை வைத்து மண்ணை மூட வேண்டும். ஆமா ஒரு வரிசை போட்டுக் காட்டினார், நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஏழு பேர் ஒன்றரை மணி நேரம் உழைத்து நான்கு வரிசை போட்டோம், பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து. போட்டோ நிறைய எடுத்தோம். இடுப்பு விட்டுப்போய் டீ குடிக்க வீட்டுக்குப் போனோம்.

சால்வையை வயலில் விட்டுவிட்டேன், எடுக்கத் திரும்பிப் போனேன். ஆமா தனியாகக் குனிந்து நாங்கள் போட்ட நான்கு வரிசையையும் ஒவ்வொன்றாகக் கிளறிக்கொண்டிருந்தார். கிழங்கை எடுத்து, திருப்பி, முளையை மேலே பார்க்க வைத்து, மண்ணைத் தள்ளி, கால் பெருவிரலால் ஓரத்தை அழுத்தினார். ஒரு கிழங்குக்கு மூன்று நொடி இருக்கும். பாதிக் கிழங்குகளை நாங்கள் தலைகீழாக வைத்திருக்கிறோம். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, மாட்டிக்கொண்ட மாதிரி சிரித்து, சால்வையை உதறி நீட்டினார். அவருடைய சனிக்கிழமையை நாங்கள் ஒன்றரை மணி நேரம் சாப்பிட்டுவிட்டோம், அதைச் சரிசெய்ய இன்னும் அரை மணி. காலையில் ஏழு பேருக்குச் சமைத்தது தனிக் கணக்கு.

காசுக் கணக்கும் சொல்ல வேண்டும், மதிப்புரை என்று எழுத ஆரம்பித்துவிட்டேனே. நாங்கள் விமான டிக்கெட் இல்லாமல் ஆளுக்கு 42,000 ரூபாய் கட்டினோம். ஆமாவுக்குக் கிடைத்தது தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு 800 என்சி. பதினோரு ராத்திரிக்கு 8,800 என்சி, நம் காசில் 5,500. பள்ளிக்கு இரண்டு டின் பெயின்ட். தாய்க்குச் சம்பளம், வண்டி, பெட்ரோல் எல்லாம் தாராளமாகக் கழித்தாலும் மீதி எங்கே போகிறது என்று கணக்குப் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆமா பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, தாயைக் குடைந்துதான் இதைத் தெரிந்துகொண்டேன்.

அன்று ராத்திரி போனில் நிறுவனத்தின் கருத்துப் படிவம் வந்தது. ‘இன்று உங்கள் பணியால் எத்தனை பேர் வாழ்க்கையில் மாற்றம் ஏற்பட்டது?’ கீழே மூன்று கட்டம்: 1 முதல் 10, 11 முதல் 50, 50க்கு மேல். பூஜ்யம் கிடையாது. எதையும் தொடாமல் அனுப்பப் பார்த்தேன், சிவப்பில் ‘இந்தக் கேள்வி கட்டாயம்’ என்று வந்தது. போனை அணைத்துவிட்டுச் சிரக்குக்குள் போனேன்.

ஜூனியர்களுக்கு: இவர்களோடு போகாதீர்கள். போகவே கூடாது என்று சொல்லமாட்டேன், அந்தப் பதினான்கு பிள்ளைகளோடு காலை ஆறரை மணிக்குத் திரிகோணமிதி போட்ட பத்து நாளை நான் எதற்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் காசு கட்டுவதற்கு முன் அந்த ஊர்ப் பள்ளியில் ஒருவரோடு நேரடியாகப் போனில் பேசவிடுவார்களா என்று கேளுங்கள், தங்கும் வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள், இந்திய பாஸ்போர்ட் இல்லாதவர்கள் விசாப் படிவத்தில் என்ன எழுத வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். குழந்தைகள் இல்லம் என்று அட்டவணையில் எங்கே வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள். நூறு ரூபாய்த் தாள்கள், கம்பளிச் சாக்ஸ் நான்கு ஜோடி, வாக்காளர் அட்டை. டார்ச் வேண்டாம்.

பின்குறிப்பு: இதன் சுருக்கத்தை நிறுவனத்துக்கும் அனுப்பியிருந்தேன். பதில் வந்தது, நன்றி சொல்லியிருந்தார்கள், திருத்திய பட்டியலையும் இணைத்திருந்தார்கள். ஆதார் செல்லாது என்று இப்போது கொட்டை எழுத்தில் இருக்கிறது. நாள் 1 ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. அநாதை இல்லம் நாள் 4க்கு. மலை நோய் மாத்திரை அப்படியே இருக்கிறது.